சுரங்கக் கழிமண்

உலோகங்கள் நிலத்தினுள்ளே தனித்த நிலையிற் கிடைப்பது அரிது. பொன்னாயினும் செப்பாயினும் இரும்பாயினும் அவை பாறையோடு பாறையாய்ப் பிணைந்தே கிடக்கின்றன. அப்பாறையை வெட்டியெடுத்து, உடைத்து, மாவுபோல அரைத்து, நீரிற் கலக்கி, வேண்டிய சிறு பகுதியைப் பிரித்துக்கொண்ட பின்னர் எஞ்சுவது நீரும் நுண்டூளும் கலந்ததொரு சேறாகும். இதனையே சுரங்கக் கழிமண் என்கின்றோம். சுரங்கத்தொழிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிரித்தெடுத்த உலோகத்தின் வரலாற்றையே எழுதுவர். அவ்வுலோகம் நாணயமாயும் அணியாயும் கம்பியாயும் உலகெங்குஞ் செல்கின்றது. கழிமண்ணோ எடுத்த இடத்தருகிலேயே தங்கிவிடுகின்றது. புவியியல் பயில்வார்க்கு இவ்வாறு தங்கிவிட்ட பகுதியின் வரலாறே சிறப்பாக வேண்டப்படுவதாகும்.

இக்கழிமண்ணின் அளவைச் சிறிது கணக்கிட்டு நோக்கினாலன்றி இப்பொருளின் பெருமை விளங்காது. இன்று அகழப்படும் செப்புத்தாதுக்களுட் பலவற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு செப்பேனும் இல்லை. எனவே நூறு தொன் தாதை அரைத்தால் ஏறக்குறைய முழுவதும் கழிமண்ணாகின்றது. பொன்னின் கணக்கு இதனினும் வியப்புடைத்து. தென்னிந்தியாவில், இந்நாளைய கருநாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலில், 1880ஆம் ஆண்டிலே ஜோன் ரெயிலர் கம்பனியார் தொழில் தொடங்கினர். 2001ஆம் ஆண்டு அச்சுரங்கங்கள் மூடப்படும்வரை ஏறத்தாழ 800 தொன் பொன் அங்கிருந்து எடுக்கப்பட்டது. இன்று அங்கே மேடுமேடாய்க் குவிந்து கிடக்கும் கழிமண்ணோ ஏறக்குறைய 3 கோடியே 30 இலட்சம் தொன். வகுத்துப் பார்ப்பின் ஒரு கிராம் பொன்னுக்கு 41 கிலோகிராம் கழிமண் வருகின்றது. எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுணுக்கு அது 330 கிலோகிராம். பதினொரு பவுணிற் செய்த தாலிக்கொடி ஒன்றுக்கு மூன்றரைத் தொன்னுக்கு மேலாகும். அரைத்த தாது முழுவதும் மேடுகளிலே தங்கிவிடவில்லையாதலின் உண்மையான அளவு இதனினுங் கூடுதலேயன்றிக் குறைவன்று. கோலாரின் தாது உலகிலே வளமிக்க தாதுக்களுள் ஒன்றாக எண்ணப்பட்டதென்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. வளங்குறைந்த தாதுக்களை அகழும் இக்காலச் சுரங்கங்களிற் கணக்கு இன்னும் பன்மடங்காகும்.

எடுத்த மண்ணை எடுத்த குழியிலேயே இட்டு நிரப்பலாகாதோ என்று வினவுவார் உளர். ஒரு பகுதியை அவ்வாறு இடலாம். சில சுரங்கங்களில் இடுகின்றனர். ஆனால் இறுகிக் கிடந்த பாறை தூளாகியபின் முன்னையினும் மிகுந்த இடத்தைக் கொள்ளுமாதலின், முழுவதும் குழிக்குள் அடங்குவதில்லை. அன்றியும் சுரங்கம் தொழிற்படுங் காலத்திற் குழி வெறுமையாய் இருத்தல் வேண்டும். ஆகவே கழிமண்ணைத் தரையின்மேல் எங்கேனும் வைத்தே ஆகவேண்டிய நிலை ஏற்படுகின்றது. குழாய் வழியே சேறாக ஓடவிட்டு, பள்ளத்தாக்கொன்றின் குறுக்கே கரையெழுப்பி, அதனுள்ளே தேக்கிவைத்தல் எல்லாவற்றினும் மலிவான முறை. உலகின் பெருஞ்சுரங்கங்கள் பெரும்பாலும் இம்முறையையே கையாண்டு வந்துள்ளன.

இக்கரையைக் குளக்கட்டுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை ஓரளவிற்கே பொருந்தும். குளக்கட்டு வன்றரையின்மீது, தேர்ந்தெடுத்த மண்ணால், பெரும்பாலும் ஒரே முயற்சியிற் கட்டி முடிக்கப்படுவது. நீர் மிகுந்தால் வான் வழியாகப் பாய்ந்துவிடும். வேண்டும்போது துருசைத் திறந்து வயலுக்கு நீர் விடலாம். கட்டினவர் கட்டி முடித்தாலும் அதனாற் பயன்பெறும் உழவர் பருவந்தோறும் அதனைப் பார்த்துக்கொள்வர். கழிமண் தேக்கத்துக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. உள்ளே நிற்பது வெளியேற்ற முடியாத பொருள். ஆண்டுதோறும் அது உயருமாதலின் கரையும் ஆண்டுதோறும் உயர்த்தப்படல் வேண்டும். புதிய கரையைப் பழைய கரையின் வெளிப்பக்கமாகச் சாய்த்து உயர்த்துவது ஒரு முறை. அவ்வாறு செய்தால் அடித்தளம் ஒவ்வொரு முறையும் அகல வேண்டுமாதலின் மண்ணும் பொருளும் மிகுதியாய்ச் செலவாகும். புதிய கரையை உட்பக்கமாக, முன்பு தேக்கிய கழிமண்ணின் மேலேயே நிறுத்துவது மற்றொரு முறை. இதற்குச் செலவு மிகச் சிறிது. ஆனால் ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய ஆண்டின் சேற்றின்மேல் நிற்கின்றது. சேறு வடிந்து இறுகியிருக்குமாயின் கரை நிற்கும். வடியாதிருக்குமாயின் அது நிற்பது நிலத்தின்மீதன்று.

சேறு வடியாதிருப்பதன் கேடு யாதென அறிதல் வேண்டும். கடற்கரையின் ஈரமணலில் நின்று காலால் மெல்ல மெல்ல மிதிப்பார்க்கு இது எளிதில் விளங்கும். முதலில் உறுதியாயிருந்த மணல் சிறிது நேரத்தில் நடுங்கிக் குழைந்து, மேலே நீர் கசிய, கால் உள்ளே புதையக் காண்பர். மணலின் பாரத்தைத் தாங்குவது மணியோடு மணி தொட்டுநிற்கும் நிலை. மணிகளின் இடைவெளிகளெல்லாம் நீரால் நிறைந்திருக்கும்போது ஓர் அசைவு ஏற்படின் அவை இன்னும் நெருங்க முயல்கின்றன. நீர் விரைவில் வெளியேற வழியில்லையாதலின் மணிகள் தாங்கிய பாரம் நீரின்மேற் சென்றுவிடுகின்றது. மணிகளின் தொடர்பு அற்றுப்போகின்றது. அந்நொடியே அதுவரை திண்மமாய்த் தோன்றியது திரவமாகி ஓடுகின்றது. இம்மாற்றத்திற்கு நிலநடுக்கந்தான் வேண்டுமென்பதில்லை. மேலும் மேலும் ஏற்றிய பாரமோ தொடர்ந்து பெய்த மழையோ கூடப் போதியதாகலாம்.

இவ்வுண்மை அண்மையிலே கண்டறியப்பட்டதன்று. சிலி நாட்டிலே 1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் திகதி நேர்ந்த நிலநடுக்கத்தில் எல் கோபிரே என்னுமிடத்துச் செப்புச் சுரங்கத்தின் கழிமண் கரைகள் உடைந்து, கீழேயிருந்த குடியிருப்பை மூடின. இறந்தோர் இருநூற்றுவரின் மேற்பட்டோர். அதன் பயனாகச் சிலி அரசாங்கம் 1970ஆம் ஆண்டிலே சேற்றின்மேற் கரையுயர்த்தும் முறையைத் தடைசெய்தது. அதே கண்டத்தின் மற்றொரு நாடாகிய பிரேசில் இத்தடையை விதிப்பதற்கு 2019ஆம் ஆண்டுவரை சென்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டிற் பெறப்பட்ட மலிவுக்கு விலை கொடுத்தவர் எவர் என்பதைப் பிரேசில் நாட்டின் வரலாறே கூறும்.

பிரேசிலின் தென்கிழக்கிலுள்ள மினாஸ் ஜெராயிஸ் மாநிலம் தன் பெயரிலேயே சுரங்கத்தைத் தாங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் பொன் கண்டெடுக்கப்பட்டது முதல் அம்மலைநாடு அகழப்பட்டு வருகின்றது. பின்னாளிற் பொன்னினும் இரும்பே முதன்மை பெற்றது. அங்கே மரியானா நகரத்தை அடுத்துச் சமார்க்கோ என்னும் கம்பனிக்குரிய இரும்புச் சுரங்கம் இருந்தது. அக்கம்பனி வாலே, பி.எச்.பி. என்னும் இரு பெருங் கம்பனிகளுக்குச் சரிபாதியாய் உரியது. அதன் கழிமண் தேக்கங்களுள் ஒன்றாகிய புண்டாவோ 2008ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கி, ஏழே ஆண்டுகளில் நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தது. நீர் எளிதில் வடியும் மணலைக் கரையோரத்திலும், வடியாத நுண்சேற்றை அதற்கு அப்பால் தொலைவிலும் இட்டு, இரண்டுங் கலவாமற் காப்பதே அதன் அமைப்பின் அடிப்படை. ஆனால் 2009ஆம் ஆண்டிலேயே அடியிலிருந்த வடிகால் பழுதுற்றது, அமைப்பு மாற்றப்பட்டது, நுண்சேறு இருத்தலாகாத இடம்வரை வந்து படிந்தது. பின்னர் கரையின் இடப்பக்கத்தே, அச்சேற்றின்மேலேயே புதிய படிகள் எழுப்பப்பட்டன. விபத்தின்பின் ஆராய்ந்த வல்லுநர் குழுவினர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுவே. ஒரு பெருந்தவறு என்று சுட்டிக்காட்டத்தக்கது அதில் இல்லை. ஒவ்வொன்றும் அவ்வப்போது ஏற்கத்தக்கதாய்த் தோன்றிய சிறு மாற்றங்களின் வரிசையே காணப்படுகின்றது.

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆந் திகதி பிற்பகல் அக்கரை உடைந்தது. மூன்று கோடிக் கன மீற்றருக்கு மேற்பட்ட சேறு வெளிப்பட்டது. கீழே அறுநூறு பேரளவில் வாழ்ந்த பெந்தோ ரொட்ரிகேஸ் என்னும் பழைய கிராமம் இருந்தது. ஆங்கு அபாயச்சங்கு எதுவும் ஒலிக்கவில்லை. அவ்வூர்ப் பெண்ணொருத்தி மோட்டார்ச் சைக்கிளில் ஏறித் தெருத்தெருவாகக் கூவிச்சென்று மக்களை மேட்டுக்கு ஓடச்செய்தாள். பகற்பொழுதாயிருந்தமையாலும் இவள்போன்றார் செயலாலும் இறந்தோர் தொகை பத்தொன்பதாய் நின்றது. இரவிலே உடைந்திருப்பின் என்னவாயிருக்குமென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சேறு ஊரோடு நின்றுவிடவில்லை. சிற்றாறுகள் இரண்டின் வழியாய் இறங்கி டோசி ஆற்றையடைந்தது. டோசி என்பதற்கு இனிமை என்பது பொருள். ஏறக்குறைய 660 கிலோமீற்றர் தூரம் அவ்வாற்றின் வழியே சென்று, பதினேழாம் நாளிலே அத்திலாந்திக்குச் சமுத்திரத்தை அடைந்து, கடலையுஞ் செந்நிறமாக்கியது. வழியிலுள்ள கோவர்னடோர் வலடாரேஸ் நகரத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குக் குடிநீர் வழங்கல் நிறுத்தப்பட்டது. ஆற்றங்கரையில் வாழும் கிரேனாக்கு என்னும் பழங்குடியினர் அதனை உவாட்டு என்று அழைப்பர். அவர்க்கு அவ்வாறு நீர் தருவது மட்டுமன்று, முன்னோருமாம். மீன்பிடியும் நீராட்டும் சடங்கும் ஒருங்கே இல்லையாயின.

இங்கே ஒரு நுட்பம் நோக்கற்பாலது. கழிமண்ணைப் பற்றிப் பேசுவோர் நஞ்சைப் பற்றியே பேசுவர். புண்டாவோவின் கழிமண்ணிற் பெரும்பாலும் இருந்தவை இரும்பின் ஒட்சைட்டும் படிகக்கல்லின் தூளுமே. அவை இரண்டும் கொடிய நஞ்சுகளல்ல. அவ்வாற்றை முதலில் அழித்தது சேற்றின் நுண்மையே. நுண்டூள் மீன்களின் பூக்களை அடைத்தது, ஒளியை மறைத்தது, ஆற்றின் அடியிற் படிந்து முட்டைகளையும் புழுக்களையும் மூடியது. அன்றியும், முந்திய நூற்றாண்டுகளின் பொன் அகழ்வால் ஆற்றடியில் உறங்கிக்கிடந்த பழைய உலோகப் படிவுகளையும் கிளறிவிட்டது. கரையோர வயல்களில் ஏறிய சேறு உலர்ந்து ஓடுபோல் இறுகியது. இலைமக்கும் உயிர்ப்பொருளும் அற்ற அம்மண்ணில் நீர் இறங்குவதும் அரிது, வேரிறங்குவதும் அரிது. மாரிதோறும் வெள்ளம் அதனை மீண்டுங் கரைத்து ஆற்றிற் சேர்க்கின்றது. ஆதலின் விபத்து 2015ஆம் ஆண்டில் நிகழ்ந்ததென்று கூறுவது ஒருவகையிற் பிழையே. ஆற்றுக்கு அது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. கிராமத்தவர்க்கு வேறோரிடத்திற் கட்டப்பட்ட புதிய ஊரிலே 2023ஆம் ஆண்டுதான் குடிபுக இயன்றது. இழப்பீட்டைப் பற்றிய பேருடன்படிக்கை 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே கைச்சாத்திடப்பட்டது.

இவ்வளவிற்குப் பின்னரும் அதே மாநிலத்தில், மூவாண்டுகள் சென்றபின், பிரூமடீனியோ நகரை அடுத்த மற்றோர் இரும்புச் சுரங்கத்தில் இரண்டாம் விபத்து நேர்ந்தது. அச்சுரங்கம் வாலே கம்பனிக்குரியது. 1976ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாய்ச் சேற்றின்மேல் உயர்த்தப்பட்டு 86 மீற்றர் உயரமடைந்திருந்த அத்தேக்கத்திற் கழிமண் இடுவது 2016ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் மேற்பரப்பிலே புல் முளைத்திருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு குன்று. உறுதியுடையதென்று வெளிநிறுவனம் ஒன்று சான்றும் அளித்திருந்தது. 2019ஆம் ஆண்டு சனவரி மாதம் 25ஆந் திகதி நண்பகல் 12 மணி 28 நிமிடத்தில் அக்குன்று சில நொடிகளுக்குள் உருக்குலைந்து பெருகியது. கரைக்குக் கீழே சுரங்கத்தின் அலுவலகமும் தொழிலாளர் உணவுச்சாலையும் அமைந்திருந்தன. உணவு வேளையாதலின் அங்கே பலர் கூடியிருந்தனர். 270 பேர் இறந்தனர். அபாயச்சங்கு இம்முறையும் ஒலிக்கவில்லை. ஆராய்ந்த வல்லுநர்கள் நிலநடுக்கத்தையோ வெடியையோ காரணமாகக் காணவில்லை. உள்ளே நீர்மட்டம் உயர்ந்தே நின்றது, கரை செங்குத்தாயிருந்தது, மழைநீர் மேலிருந்து இறங்கியது, சேறு மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது. இவையே அவர்கள் கண்ட காரணங்கள். பாவனையிலில்லாத தேக்கம் பாதுகாப்பான தேக்கம் என்ற எண்ணம் அன்றோடு பொய்த்தது. ஆபத்துக்குரிய நிலத்திலே உணவுச்சாலையை வைத்ததற்கு எந்தப் பொறியியல் விளக்கமும் வேண்டுவதில்லை.

உடையாத கரைகளும் தீங்கற்றவை எனக் கொள்ளலாகாது. செப்பு, ஈயம், நாகம், பொன் ஆகியவற்றின் தாதுக்கள் பலவற்றிற் கந்தகச் சேர்வைகள் உண்டு. நிலத்தின் ஆழத்திலே காற்றுப் படாமல் இருந்தவரை அவை சாதுவானவை. தூளாகி வெளியே குவிக்கப்பட்டதும் ஒட்சிசனும் நீரும் சேர்ந்து அவற்றைச் சல்பூரிக்கமிலமாக்குகின்றன. அவ்வமிலம் எஞ்சிய உலோகங்களையும் ஆசனிக்கு முதலியவற்றையுங் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கும் ஆற்றுக்கும் இறங்குகின்றது. ஸ்பெயின் நாட்டின் ரியோ தின்தோ ஆறு இதற்குக் காட்டாகும். அப்பகுதிப் பாறையின் இயல்பாலும், உரோமருக்கும் முற்பட்ட காலந்தொட்டு நடந்த அகழ்வாலும் அவ்வாறு இன்றளவும் சிவந்து புளித்தே ஓடுகின்றது. அதனை அகழ்ந்த பேரரசுகள் மறைந்துவிட்டன. சில நாடுகளிலோ கரைகட்டும் செலவையும் மேற்கொள்ளாது கழிமண்ணை நேரே ஆற்றில் விட்டனர். பூகன்வில் தீவின் பாங்குனா செப்புச் சுரங்கம் 1972 முதல் 1989 வரை அவ்வாறே செய்தது. அதனால் மூண்ட மனக்கசப்பு உள்நாட்டுப் போருக்கு முதற்காரணங்களுள் ஒன்றாயிற்று.

கழிமண்ணைப் பிழிந்து, நீரை மீட்டு, ஈரமண்ணாக அடுக்கி அழுத்திவைக்கும் முறை இன்று உண்டு. நீர் அற்ற சேறு திரவமாகாது, நீரும் மிச்சமாகும். வடிப்பதற்குரிய பொறிகளின் செலவே இம்முறை பரவாமைக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. 2020ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிறுவனமும் சுரங்கத் தொழிலதிபர் மன்றமும் முதலீட்டாளரும் சேர்ந்து கழிமண் பராமரிப்புக்கு உலகப் பொதுநியமம் ஒன்றை வகுத்தனர். அது நற்றொடக்கமே. ஆனால் அது சட்டமன்று, ஏற்பவரையே கட்டுப்படுத்துவது. சுரங்கத்தின் வரவு உலோகம் தீரும்போது தீர்ந்துவிடுகின்றது. கழிமண்ணைக் காக்குஞ் செலவு அன்றுதான் தொடங்குகின்றது. இவ்விரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுதும் வழக்கம் இன்னும் எங்கும் நன்கு வேரூன்றவில்லை.

முதலிற் கூறிய கோலாருக்கு மீண்டு வருவோம். அங்கே பெருவிபத்து எதுவும் நேரவில்லை. வறண்ட நாடாதலின் மேடுகளின் நீர் பெரும்பாலும் வற்றிவிட்டது. அங்குள்ள கேடு நீரால் அன்றிக் காற்றால் வருவது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று நிலத்தினடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் அம்மேடுகளின் ஓரத்திலேயே வாழ்கின்றனர். பொன்னைப் பிரிக்கச் சயனைட்டுக் கரைசல் பயன்பட்டமையால் அவை சயனைட்டு மேடுகள் என்றே பெயர் பெற்றன. சயனைட்டு வெயிலிற் சிதைந்துபோவது, தூளோ சிதையாதது. காற்று வீசும் மாதங்களிற் சாம்பல் நிறத்தூள் எழுந்து வீட்டுக்குள்ளும் உணவிலும் கிணற்றிலும் படிகின்றது. மாரியில் மேடுகளின் சரிவிலே நீரோட்டம் ஆழ்ந்த பிளவுகளை வெட்டி, மண்ணைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுசெல்கின்றது. மரம் நட்டும் புல் வளர்த்தும் மேற்பரப்பைக் கட்ட முயன்றனர். வளமற்ற அத்தூளில் வேர்பற்றியவை சிலவே. தொலைவிலிருந்து காண்பார்க்கு அம்மேடுகள் அழகிய குன்றுகள். திரைப்படம் பிடிப்பாரும் அவற்றை நாடிச் சென்றதுண்டு. சுரங்கம் மூடியபின் வேலைதேடி நாடோறும் புகைவண்டியிற் பெங்களூர் சென்று மீளும் மக்களுக்கு அவை வேறுவகையான காட்சி.

அம்மேடுகளில் இன்னும் பொன் உண்டு. பழைய முறைகளாற் பிடிக்க இயலாது போனது அது. 2024ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, பதின்மூன்று மேடுகளையும் ஏலத்தில் விட்டு மீண்டும் பொன்னெடுக்க வேண்டுமென்ற மத்திய அரசாங்கத்தின் யோசனைக்குக் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்திலிருந்து ஏறக்குறைய 23 தொன் பொன் கிடைக்கக்கூடுமென மதிப்பிட்டுள்ளனர். தொழில் மீளுமென்ற நம்பிக்கை அங்குள்ளாரிடத்து எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அப்பொன்னை எடுப்பதற்கு உலர்ந்த மேடுகளை உடைத்து மறுபடியும் நீரிற் கலக்கிச் சேறாக்குதல் வேண்டும். மூன்று கோடியே முப்பது இலட்சம் தொன்னிலிருந்து இருபத்துமூன்று தொன் கழிந்தபின் மூன்று கோடியே இருபத்தொன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதினாயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழு தொன் எஞ்சும். அதனை எங்கே, எம்முறையில், எவர் செலவில் வைப்பது என்பதை ஏலத்தின் நிபந்தனைகளே முடிவுசெய்யும்.